தீபாவளி லீவில் போகக்கூடாத பாலைவனம்: லென்சோய்ஸ் மரன்யென்சஸ் பூங்கா எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பசியாறிவிட்டுக் கிளம்பும் குடும்பம், பிரேசிலின் வடகிழக்குக் கரையில் இருக்கும் லென்சோய்ஸ் மரன்யென்சஸ் தேசியப் பூங்காவின் முதல் குளத்தில் கால் நனைக்க மூன்றாம் நாள் ஆகிவிடும். அவ்வளவு தூரம் போகலாமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஜூன் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை என்றால், தாராளமாகப் போகலாம். நவம்பரில் என்றால், இலவச டிக்கெட் கிடைத்தாலும் வேண்டாம்.

நம் பக்கத்தில் சிக்கலே இங்குதான். தோட்டத்துக் குடும்பங்களுக்கு நீண்ட லீவு கூடிவருவது தீபாவளியை ஒட்டி, இல்லாவிட்டால் ஆண்டு இறுதியில். அந்த மாதங்களில்தான் பெரும்பாலான குளங்கள் வற்றிக் கிடக்கும். பயண ஏற்பாட்டாளர்கள் சிலர் ஜூலையில் எடுத்த நீலக் குளத்துப் படத்தைப் போட்டு நவம்பர் தேதிக்குக் காசு வாங்குகிறார்கள். படம் பொய்யில்லை, தேதிதான் பொய். முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதல்ல, எந்த மாதம் என்பதுதான்.

தமிழர்களுக்கு இந்த இடம் ஏற்கெனவே கண்ணில் பட்டதுதான். 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் ‘காதல் அணுக்கள்’ பாட்டு இங்கே எடுக்கப்பட்டது. வெள்ளை மணல்மேடுகளுக்கு நடுவே நீலமும் பச்சையுமாகத் தண்ணீர் நிற்பது கேமரா வித்தை அல்ல, நேரிலும் அப்படியேதான் இருக்கும். பாட்டில் காட்டாதது காற்று, ஜீப்பின் குலுக்கல், நிழலே இல்லாத வெயில் ஆகிய மூன்றும்தான்.

பாலைவனத்தில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் மாதக் கணக்கும் தானாகப் புரியும். கண்ணுக்குப் பாலைவனம், கணக்குப்படி அல்ல. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் இது. அதில் பெரும்பங்கு ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் கொட்டிவிடும். பர்னைபா, ப்ரெகிசாஸ் ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோகும் மணலை அலை கரையில் ஒதுக்குகிறது, கடற்காற்று அதை உள்நாட்டுக்கு அள்ளிக்கொண்டு வருகிறது. இப்படிச் சேர்ந்த மணல் ஏறத்தாழ 1,550 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்காவின் பெரும்பகுதியில் மேடு மேடாக நிற்கிறது. மழைக்காலத்தில் மணலுக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீர் மேலேறுகிறது. கீழே தண்ணீர் எளிதில் இறங்காத இறுகிய அடுக்கு இருப்பதால், மேடுகளுக்கு இடையேயுள்ள பள்ளங்களில் அது வெளியே தெரிகிறது. அதுதான் குளம். பெரும்பாலான குளங்களுக்கு ஓடையும் கிடையாது, ஊற்றும் கிடையாது. மழை நின்றால் வரவு நின்றது. பிறகு வெயிலும் காற்றும் குடித்து முடிக்கும்வரைதான். ஜூலையில் தலைக்கு மேல் தண்ணீர் நின்ற பள்ளத்தில் நவம்பரில் செருப்போடு நடக்கலாம்.

தேசியப் பூங்காவாக அறிவித்தது 1981இல். யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது 2024இல். அதற்குப் பிறகு ஜூலை மாதத்துக்கு அறை கிடைப்பது இன்னும் கடினமாகிவிட்டது.

மாதத்தைக் கொஞ்சம் நுணுக்கமாகவே பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் குளங்கள் நிரம்பியிருக்கும், ஆனால் வானம் நம்பத்தக்கதல்ல. ஜீப் போகும் மணல் தடமே தண்ணீரில் மூழ்கி, சில இடங்களில் வண்டி பாதி முழுகித்தான் கடக்கும். மேகம் மூடினால் நீல நிறமும் போய்விடும், குளம் ஈயம்போல் வெளிறித் தெரியும். நம் பள்ளி விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரம்வரை வரும் ஆண்டுகளில், பிள்ளைகளோடு போக அதுதான் கிடைக்கிற ஒரே நல்ல வாய்ப்பு. தண்ணீருக்குக் குறை இருக்காது. மழைக்கென்று ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு போனால் போதும். இடி இடித்தால் உடனே மேட்டைவிட்டு இறங்க வேண்டும், ஏனென்றால் அந்த வெட்டவெளியில் உயரமாக நிற்கும் ஒரே பொருள் மனிதன்தான்.

ஜூன் பிற்பாதியில் வானம் தெளியத் தொடங்கும். ஜூலை உச்சம், ஆனால் பிரேசில் பிள்ளைகளுக்கும் அப்போது விடுமுறை என்பதால் கூட்டமும் விலையும் சேர்ந்தே ஏறும். எங்கள் கணக்கில் சரியான இடைவெளி ஜூன் கடைசி வாரம், அல்லது ஆகஸ்ட் முதல் இரண்டு வாரங்கள். ஜூனில் போனால் இன்னொரு லாபமும் உண்டு. வழியில் தங்கும் சாவ் லூயிஸ் நகரம் முழுக்க அப்போது பும்பா மெவ் பொய் திருவிழா. காளை உருவத்தைச் சுற்றி ஆடும் அந்தக் கூத்தை 2019இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மேளச் சத்தம் பிடித்தவர்கள் ஒரு ராத்திரியை இதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் ஒரு சூதாட்டம். அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்திருந்தால் பெரிய குளங்களில் நீந்தலாம், பெய்யாவிட்டால் முழங்கால் அளவுதான். காற்றும் அப்போது வலுத்துவிடும், பறக்கும் மணல் கெண்டைக்காலில் ஊசியாய்க் குத்தும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை போகவே வேண்டாம்.

அடுத்தது எங்கே தங்குவது. மூன்று ஊர்கள் இருக்கின்றன: பஹெய்ரின்யாஸ், சாந்தோ அமாரோ, அச்சின்ஸ். இணையத்தில் தேடினால் முதலில் வருவது பஹெய்ரின்யாஸ். ப்ரெகிசாஸ் ஆற்றோரம் வளர்ந்த ஊர், வங்கி, மருந்தகம், கடைத்தெரு எல்லாம் உண்டு, தங்குமிடமும் நிறைய. ஆனால் குளம் அங்கிருந்து தூரம். ஆற்றைக் கடந்து, புதர்க்காட்டு மணல் தடத்தில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும், திரும்பவும் அப்படியே வர வேண்டும். லகோவா அசூல், லகோவா பொனீட்டா என்ற இரண்டு புகழ்பெற்ற குளப் பகுதிகளும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. பொனீட்டாவுக்குப் போனால் ஜீப்பைவிட்டு இறங்கியதும் செங்குத்தான ஒரு மணல்மேட்டில் ஏற வேண்டும். மேலே போய் நின்றால் கிடைக்கும் காட்சி பூங்காவிலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. ஆனால் முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்த ஏற்றத்தைப் பரிந்துரைக்க மாட்டோம்.

சாந்தோ அமாரோ சின்ன ஊர். தார்ச்சாலை வந்த பிறகு போவது எளிதாகிவிட்டது. மணல்மேடு ஊர் எல்லையிலேயே தொடங்குவதால் ஜீப் பயணம் குறைவு, தண்ணீரில் இருக்கும் நேரம் அதிகம். பெரிய குளங்களில் ஒன்றான லகோவா ட கைவோட்டா இந்தப் பக்கம்தான். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு இந்த ஊரைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டோம். குறை என்று பார்த்தால், சாப்பாட்டுக் கடைகள் குறைவு, காசு எடுக்கும் இயந்திரத்தை நம்ப முடியாது, மாலை ஏழு மணிக்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை.

அச்சின்ஸ் கடலும் ஆறும் சேரும் இடத்தில் இருக்கும் மணல் தெரு ஊர், காற்றாடியைப் பிடித்தபடி தண்ணீரில் சறுக்கி விளையாடும் இளைஞர்களுக்கு ஏற்றது. அவர்கள் வருவதே காற்று வீசும் மாதங்களுக்காக, அதாவது குளம் வற்றும் மாதங்களுக்காக. குடும்பத்தோடு போகிறவர்கள் இதைப் படகுப் பயணத்தோடு ஒரு பகலில் எட்டிப் பார்த்தால் போதும்.

மதிப்பெண் கேட்கிறவர்களுக்கு: ஆகஸ்ட் தொடக்கத்தில் சாந்தோ அமாரோவுக்கு ஐந்துக்கு ஐந்து. அதே வாரத்தில் பஹெய்ரின்யாஸுக்கு மூன்றரை. அந்த ஒன்றரையைக் குறைத்தது ஜீப்.

அந்த ஜீப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜார்டினெய்ரா என்பார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் டொயோட்டா வண்டியின் பின்பகுதியில் வரிசையாகப் பெஞ்சு போட்டு, மேலே கூரை, பக்கவாட்டில் திறந்த வெளி. மணலில் புதையாமலிருக்க டயரில் காற்றைக் குறைத்திருப்பார்கள். பின் அச்சுக்கு மேலும் அதற்குப் பின்னாலும் இருக்கும் பெஞ்சுகளில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆள் எழும்பி விழுவார். முதுகு, இடுப்பு வலி உள்ளவர்களுக்கு ஓட்டுநர் பக்கத்து இருக்கையை முன்பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். ஏறும்போது கேட்டால் கிடைக்காது. கையை வெளியே நீட்டாதீர்கள், தடத்தோரப் புதர்க்கிளை சவுக்காக அடிக்கும். கர்ப்பிணிகள் இந்த வண்டியில் ஏறவே கூடாது. சொந்த வண்டியோ வாடகைக் காரோ மணல்மேட்டுக்குள் போக அனுமதி இல்லை, பதிவு பெற்ற வண்டியும் ஓட்டுநரும்தான்.

பயணங்களைக் காலை, மாலை என்று அரை அரை நாளாக விற்கிறார்கள். மாலைப் பயணம்தான் அதிகம் விற்பனையாகிறது, சூரியன் மறைவதை மேட்டின்மேல் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதற்காக. ஆனால் தண்ணீரின் நிறம் வெளிப்படுவது சூரியன் உச்சியில் இருக்கும்போது, பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில். வெளிச்சம் நேராக இறங்கி அடியிலுள்ள வெள்ளைப் படிக மணலில் பட்டுத் திரும்பினால்தான் அந்த நீலம். ஐந்து மணிக்கு மேல் குளம் வானத்தை மட்டுமே காட்டும். ஆகவே ஒரு காலைப் பயணம் தண்ணீருக்கு, ஒரு மாலைப் பயணம் மணலுக்கு என்று தனித்தனியாக எடுப்பதே கொடுத்த காசுக்கு மதிப்பு. குளத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் பேர்பெற்ற குளம் ஓர் ஆண்டு வற்றிக் கிடக்கும், அதற்கு அடுத்த பள்ளம் பேரில்லாமல் நிரம்பி நிற்கும். இப்போது எதில் தண்ணீர் இருக்கிறது என்பது வழிகாட்டிக்குத் தெரியும்.

இனி நீச்சல். ஈயச் சுரங்கம் தோண்டிவிட்ட லம்பக் குட்டைகளைப் பார்த்து வளர்ந்த பேராக்காரர்களுக்கு, கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் ஆழம் என்ற பயம் ரத்தத்திலேயே இருக்கும். இங்கே அந்தப் பயம் பாதிதான் பொருந்தும், எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து வீசுகிறது. மணல்மேட்டின் காற்று படும் முகம் சாய்வாக இருக்கும், காற்று படாத மறுமுகம் முப்பது பாகைக்கு மேல் செங்குத்தாகச் சரியும். அந்தச் சரிவு நேராகக் குளத்துக்குள் இறங்குகிறது. எனவே காற்று வரும் திசையிலுள்ள கரையில் ஆழம் சட்டென்று வரும். எதிர்க்கரை அடுத்த மேட்டின் சாய்வு முகம் என்பதால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று நிதானமாக இறங்கும். பிள்ளைகளையும் நீச்சல் தெரியாதவர்களையும் அந்தப் பக்கத்தில் இறக்குங்கள். முகத்தில் காற்று படும்படி நின்றால், கண் எதிரே தெரியும் தூரத்துக் கரைதான் ஆழக்கரை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சில குளங்களில் ஆழம் மூன்று மீட்டர்வரை போகும். நீர்க்காப்பாளர் எங்கும் கிடையாது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு மிதவைச் சட்டையை ஊரிலிருந்தே கொண்டு போங்கள், அங்கே அளவு பார்த்து வாங்க முடியாது. அடிபடுவது பெரும்பாலும் மூழ்கி அல்ல, சரிவில் ஓடி வந்து தலைகீழாகப் பாய்ந்து. மேலிருந்து பார்க்க ஆழமாகத் தெரியும் இடத்தில் அடிமணல் திட்டாக எழும்பி நிற்கலாம். கழுத்தெலும்பு உடைந்தால் பெரிய மருத்துவமனை சாவ் லூயிஸில், நான்கைந்து மணி நேரத் தொலைவில். உட்கார்ந்து சறுக்குங்கள், பாய வேண்டாம். சரிவின் அடியில் குகை தோண்டி விளையாடும் பிள்ளைகளையும் தடுக்க வேண்டும், ஈர மணல் இடிந்தால் சத்தமே வராது.

தண்ணீர் நல்ல தண்ணீர், உப்பு கிடையாது, வெதுவெதுப்பாக இருக்கும். சில குளங்கள் பச்சையாக இருப்பதற்குப் பாசி காரணம், புதரோரக் குளங்களில் இலைச்சாறு இறங்கித் தேயிலை நிறம் வரும். இரண்டும் அழுக்கல்ல. மீனும் உண்டு. ட்ரைரா என்ற வேட்டை மீன் தண்ணீர் வற்றும்போது ஈரச் சேற்றுக்குள் ஒதுங்கி அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கும். பினிங்கா என்ற சிற்றாமை இந்த வட்டாரத்துக்கே உரியது. கையில் தூக்கிப் படம் எடுக்க வேண்டாம்.

வெயில் எண்ணெயைத் தடவிக்கொண்டு குளத்தில் இறங்காதீர்கள். வெளியேற வழியில்லாத தண்ணீர், நூறு பேர் தடவிய எண்ணெயும் அதிலேயே நிற்கும். முழுக்கை நீச்சல் சட்டை, கால்முட்டிவரை கால்சட்டை, நாடா வைத்த தொப்பி இவை போதும். பெண்கள் நீச்சலுடைதான் போட வேண்டும் என்பதில்லை. ஆனால் பருத்திச் சுடிதார் வேண்டாம், நனைந்தால் கனக்கும், மணல் ஒட்டினால் உதிராது. சீக்கிரம் காயும் விளையாட்டுத் துணியே சரி. இடம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இரண்டரைப் பாகையில் இருப்பதால் வெயிலின் கடுமை நம் ஊரைப் போலத்தான், காலை ஆறுக்கு விடிந்து மாலை ஆறுக்கு இருட்டும். வேறுபாடு என்னவென்றால், வெள்ளை மணல் அந்த வெயிலைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கும். தாடைக்குக் கீழேயும் மூக்குக்கு அடியிலும் தோல் உரிவது அதனால்தான். அதே வெள்ளை நிறத்தால் மணல் அவ்வளவாகச் சுடுவதில்லை, வெறுங்காலோடு நடக்கலாம். செருப்பை ஜீப்பிலேயே விட்டுவிடுங்கள்.

அரை நாளுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிதண்ணீர் கணக்கு. ஜீப் நிற்கும் இடத்துக்கு அப்பால் கழிப்பறையும் கடையும் இல்லை, குடை விரித்தால் காற்று பிடுங்கிக்கொள்ளும். கைபேசியைப் பூட்டுவாய் உள்ள நெகிழிப்பையில் போட்டே வெளியே எடுங்கள். மின்னூட்டும் துளையில் மணல் புகுந்தால் ஊசியால் குத்தாமல் ஊதி எடுக்க வேண்டும். மேடுகளுக்குள் கைபேசி சிக்னல் கிடைக்காது. காலடித் தடத்தைக் காற்று சில நிமிடங்களில் அழித்துவிடும், எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும். வழிகாட்டி கண்ணில் படாத தூரத்துக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது என்று வண்டியில் ஏறுமுன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

நடக்கும் உடம்பு இருந்தால் பூங்காவைக் குறுக்கே கடக்கும் நடைப்பயணமும் உண்டு. அச்சின்ஸிலிருந்து சாந்தோ அமாரோவுக்கு மூன்று அல்லது நான்கு நாள், அறுபது கிலோமீட்டருக்கு மேல். இரவில் பாய்ஷா கிராண்டே, கெய்மாடா தோஸ் பிரித்தோஸ் என்ற பசுந்திட்டுகளில் வாழும் குடும்பங்களின் வீட்டில் தூளிப்படுக்கை, அவர்கள் சமைக்கும் சோறு, கோழி. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே நடை தொடங்கும், வெயில் ஏறுமுன் அன்றைய தூரத்தை முடிக்க வேண்டும் என்பதால். கிழக்கிலிருந்து மேற்காக நடப்பதே வழக்கம். காற்றும் காலைச் சூரியனும் முதுகுப் பக்கம் இருக்கும், திருப்பி நடந்தால் இரண்டும் முகத்தில். வழியில் குளங்களைக் கடக்க வேண்டியிருப்பதால் சப்பாத்து உதவாது, மெல்லிய காலுறை போட்டுக்கொண்டு நடந்தால் கொப்புளம் குறையும். முதுகுச்சுமை ஆறேழு கிலோவுக்கு மேல் வேண்டாம். தினமும் விடியலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்ப் பழகியவர்களுக்கு நேரம் சிரமமாக இருக்காது, மணல்தான் சிரமம்.

பால் மரம் என்றதும் ஒன்று. பேராக்கின் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளின் பூர்வீகம் பிரேசில் என்பதால், அங்கே போய்ப் பால்மரக்காடு பார்க்கலாமா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அது அமேசான் காட்டு மரம், இந்தக் கடலோர மணலில் தேட வேண்டாம். இங்கே நிற்பது புரிட்டிப் பனை. அதன் நாரில் முடையும் பைகளும் தொப்பிகளும் பஹெய்ரின்யாஸ் கடைகளில் கிடைக்கும், வாங்கத் தகுந்தவை.

சாப்பாட்டில் எச்சரிக்கை தேவை. சோறு, பயறு, வறுத்த மரவள்ளி மாவு, மீன் அல்லது கோழி என்பதுதான் அன்றாடத் தட்டு. பார்க்க நம் சாப்பாட்டுக்கு நெருக்கம், ஆனால் அந்தப் பயற்றில் உப்பிட்டுக் காய்ந்த மாட்டிறைச்சித் துண்டு கிடக்க வாய்ப்பு அதிகம். ‘செம் கார்னி’ என்றால் இறைச்சி வேண்டாம் என்று பொருள். ஆனால் அவர்களுக்குக் கார்னி என்றால் பெரும்பாலும் மாடுதான், கோழியும் மீனும் அதில் சேராது. சைவர்கள் ‘செம் ஃப்ராங்கு, செம் பெய்ஷி’ என்று கோழியையும் மீனையும் தனியாகச் சொல்லி விலக்க வேண்டும். மரன்யாவ் மாநிலத்தின் பெருமையான குஷா சோற்றில் போடுவது நம் புளிச்சக் கீரை, கூடவே எள். சைவர்கள் ஆவலோடு கை வைத்துவிட வேண்டாம், காய்ந்த இறாலும் அதில் உண்டு. அசைவர்கள் தவறவிடக் கூடாத தட்டு இதுதான். காரம் எதிலும் இருக்காது. ஊறுகாயை மூடி முத்திரையிட்ட பொட்டலமாகவே எடுத்துப் போங்கள். இளஞ்சிவப்பில் ஜீசஸ் என்ற பெயரோடு ஒரு குளிர்பானம் எல்லாக் கடையிலும் இருக்கும், பட்டை கிராம்பு வாசனையோடு கடுமையான இனிப்பு. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் ஒரு வாயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போகும் வழி இது. சுங்கை சிப்புட்டிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ இடிஎஸ் விரைவு ரயிலில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம், அங்கிருந்து விமான நிலையம். சாவ் பாலோவுக்கு நேரடி விமானம் இல்லை. தோஹா அல்லது துபாய் வழியாகப் போவது வழக்கம், முதல் கட்டம் ஏழு மணி நேரம், இரண்டாவது பதினைந்தை ஒட்டி. நேரம் நம்மைவிட 11 மணி பின்னால் என்பதால், அதிகாலையில் கிளம்பினால் அதே தேதி மாலையில் இறங்கலாம். அங்கிருந்து சாவ் லூயிஸுக்கு உள்நாட்டு விமானம் மூன்றரை மணி நேரம். உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக வாங்கினால் சாவ் பாலோவில் குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். இடைவெளி ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது அன்றிரவு அங்கேயே தங்கிவிடுங்கள். மலிவு டிக்கெட்டில் 10 கிலோ கைப்பைதான் சேர்த்தி, பெட்டிக்குத் தனிக் காசு. சாவ் லூயிஸிலிருந்து பஹெய்ரின்யாஸ் சுமார் 250 கிலோமீட்டர். வேன்கள் விடியற்காலையில் ஓட்டல் ஓட்டலாக ஆளேற்றிக்கொண்டு போகும், நான்கைந்து மணி நேரம். சாந்தோ அமாரோவும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

மலேசியக் கடப்பிதழுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. ஆனால் பலர் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். அதைக் கேட்டு நிற்பது பிரேசில் அல்ல, திரும்பி வரும்போது நம் நாடு. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளிலிருந்து வருகிற ஒரு வயதுக்கு மேற்பட்ட எவரும் அந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்த அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஊசி போட்டு பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். எல்லா கிளினிக்கிலும் போட மாட்டார்கள், சுகாதார அமைச்சு அனுமதித்த மையங்களில் மட்டும்தான். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி என்பதால் அறுபது வயதைத் தாண்டியவர்கள், முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். டிக்கெட் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. தாத்தாவுக்கு ஊசி போட முடியாது என்று பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு தெரிந்தால் மொத்தக் குடும்பமும் தவிக்கும். மரன்யாவில் டெங்கியும் உண்டு, கொசு மருந்து கையோடு இருக்கட்டும்.

நம் வெள்ளியை (ரிங்கிட்டை) அங்கே மாற்ற முடியாது. அமெரிக்க டாலரும் வங்கி அட்டையும் எடுத்துப் போங்கள், பிரேசில் ரியாலைச் சாவ் லூயிஸிலேயே கையில் எடுத்துவிடுங்கள். ஒரு ரியாலின் மதிப்பு ஒரு வெள்ளியைவிடக் குறைவு. சிறு கடைகள் பிக்ஸ் என்ற கைபேசிக் கட்டணத்தைக் கேட்கும், அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் நமக்கு ரொக்கமே கதி. மின்சாரம் 220 வோல்ட், நம் மூன்றுமுனைச் செருகி அங்கே பொருந்தாது. பேச்சு போர்ச்சுகீசியம் மட்டும், மொழிபெயர்ப்புச் செயலியை இணையம் இல்லாமலும் இயங்கும்படி முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லீவு தீபாவளிக்குத்தான், மாற்ற வழியே இல்லை, டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது என்றால் பஹெய்ரின்யாஸில் தங்குங்கள். ப்ரெகிசாஸ் ஆறு வற்றுவதில்லை. படகில் வசோராஸ் மணல்மேட்டுக் குரங்குகள், மந்தகாரு ஊரில் 35 மீட்டர் கலங்கரை விளக்கத்தின் 160 படிகள், கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே மெல்லிய மணல் நாக்காகக் கிடக்கும் கபுரே என்று ஒரு முழுப் பகல் நன்றாகப் போகும். குளியலும் ஆற்றிலேயே. காலைப் படகையே எடுங்கள், பிற்பகலில் எதிர்க்காற்று தண்ணீரை முகத்தில் அடிக்கும்.

பக்கத்திலேயே இதுபோல் ஏதும் இல்லையா என்று கேட்பவர்களுக்குப் இந்தோனேசியாவின் பிந்தான் தீவிலுள்ள புசுங் மணல்வெளியைக் காட்டுகிறார்கள். அது சுரங்கம் தோண்டிவிட்டுப் போன இடம். நீலத் தண்ணீரைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். இறங்கிக் குளிக்கிற குளமல்ல.